கோவிந்தன் வைத்த கல்

கல் பின்னால் இருந்தது.

ஷெட்டின் தகரக் கதவைப் பாதி திறந்து, மழையில் நனைந்த சைக்கிளை இன்னொரு கையில் பிடித்தபடி, ரெமிஜியஸ் அதையே பார்த்துக்கொண்டு நின்றான். செங்கல்லைவிடக் கொஞ்சம் பெரிய கருங்கல். ஒரு பக்கத்தைச் சரிவாகக் கொத்தி, நடுவில் துளைபோட்டு, இழுக்க வசதியாக ஒரு முழம் கயிறு கட்டியிருந்தது. நேற்று சாயங்காலம் அவனே அதை ஜீப்பின் முன் சக்கரத்துக்கு முன்னால் காலால் தள்ளிச் செருகியிருந்தான். இப்போது அது பின் சக்கரத்துக்குப் பின்னால், சரிவான முகம் டயரோடு ஒட்ட, நூல் பிடித்து வைத்ததுபோல இருந்தது.

பட்டாளத்துக் குதிரைகளைக் கட்டிய பழைய லாயம் அது. ஜோகுபாளையத்தில், பழைய மெட்ராஸ் ரோட்டிலிருந்து ஒரு பர்லாங் உள்ளே. குதிரை மூத்திரம் வடிந்து போவதற்காகத் தரையைக் கடைசிச் சுவர்ப் பக்கம் சரிவாகப் போட்டு, சுவரடியில் ஒரு சாக்கடை வெட்டியிருந்தார்கள். குவாரி ஆபீஸ் அந்த இடத்தை எடுத்துக்கொண்டபோது குதிரை வாசனை போயிற்று, சரிவு போகவில்லை. சுவரைப் பார்த்து நிற்கும் ஜீப் உருண்டால் முன்னால்தான் உருளும். அதனால் கல்லை முன்னால் வைப்பார்கள். பின்னால் வைத்த கல் எதையும் தடுக்காது.

அப்படி நினைத்தவன் உடனே தன்னைத் திருத்திக்கொண்டான். இருபது வருஷம் இயந்திரங்களோடு வாழ்ந்தவனுக்கு அரைகுறையாக நினைக்க வராது. பின்னால் வைத்த கல் ஒன்றே ஒன்றைத் தடுக்கும். முன்னால் போய்விட்ட வண்டியைத் திரும்பப் பின்னால் தள்ள முடியாமல் தடுக்கும்.

பம்பருக்கும் சுவருக்கும் நடுவே எப்போதும் நான்கு சாண் விடுவான். ஓர் ஆள் உட்கார்ந்து ரேடியேட்டரின் சேற்றைத் துடைக்க அவ்வளவு இடம் வேண்டும். சைக்கிளைச் சாத்திவிட்டுப் போய்க் கையை விரித்து அளந்தான்.

மூன்று.

இந்த ஜீப்பை நிற்க வைப்பதற்கு மூன்று வழிகள் உண்டு. முதலாவது, ஹேண்ட் பிரேக். காரில் இருப்பதுபோல அது சக்கரங்களைப் பிடிக்காது; வண்டியின் வயிற்றுக்கடியில், பின் அச்சுக்குப் போகிற தண்டின் மேல் ஒரு டிரம் இருக்கும், அதைப் பிடிக்கும். கெட்டிக்கார யோசனைதான். ஆனால் பக்கத்திலேயே கியர் ஆயில் இருக்கிறது. அதைத் தடுக்கும் சீல் தேய்ந்தால் ஆயில் கசிந்து டிரம்முக்குள் போகும், பிரேக் எண்ணெயில் வழுக்கும். போர் முடிந்து பட்டாளத்து டிஸ்போசல் ஏலத்தில் வாங்கிப் பத்து வருஷத்துக்கு மேலாகிவிட்ட இந்த வண்டியில் சீல் தேய்ந்துதான் இருந்தது. இரண்டாவது, வண்டியைக் கியரில் விடுவது. நின்றுபோன இன்ஜின் சக்கரங்களைச் சுற்ற விடாது. மூன்றாவது, கல்.

உள்ளே எட்டிப் பார்த்தான். பெரிய கியர் லீவர் அவன் விட்ட இடத்தில், முதல் கியரில் இருந்தது. அதற்குப் பக்கத்தில் இரண்டு குட்டி லீவர்கள். வலப்பக்கத்துக் குட்டி லீவரை நேற்று 'லோ'வில் விட்டிருந்தான்.

அது நடுவில் நின்றது. நியூட்ரல்.

"என்ன மாமா, காலங்காத்தால வண்டிக்கு மந்திரம் ஓதறீங்களா?"

திடுக்கிட்டுத் தலையை இடித்துக்கொண்டான். நோயல். மனைவி டோரீனின் தம்பி. முப்பது வயதிலும் வாயாடி. பத்து மாதமாக இந்த வண்டிக்குக் கிளீனர்.

"சாயங்காலம் வண்டியைத் தொட்டியா நீ?"

"நானா? சாயங்காலம் அஞ்சு மணிக்கு மேல என் பொண்டாட்டியே என்னைத் தொட்டாத்தான் உண்டு. ஏன்?"

"உருண்டிருக்கு."

"கியர்லதானே விட்டீங்க? அப்புறம் எப்படி உருளும்?"

பயம் இருந்தபோதும், இப்படி ஒருவன் கேட்டால் ரெமிஜியஸுக்கு விளக்காமல் இருக்க முடியாது. கை தானாக அந்தக் குட்டி லீவரைத் தொட்டது.

"கியர் பாக்ஸுக்குப் பின்னாடி இன்னொரு குட்டி பாக்ஸ் இருக்கு. இன்ஜினோட பலம் அது வழியாத்தான் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் போகும். அதை ஒரு பாலம்னு வெச்சுக்கோ. இந்த லீவர் நடுவுல நின்னா பாலத்தைத் தூக்கிட்ட மாதிரி. அந்தக் கரையில நீ முதல் கியர் போட்டாலும் ரிவர்ஸ் போட்டாலும், இந்தக் கரையில சக்கரத்துக்குச் சேதியே தெரியாது."

"எதுக்கு அப்படி ஒண்ணு?"

"பம்ப் ஓட்டறதுக்கு. வண்டி நின்ன இடத்துல நிக்கும், இன்ஜின் பின்னாடி இருக்கிற புல்லியை மட்டும் சுத்தும். பெல்ட்டை மாட்டினா குவாரித் தண்ணியை இறைக்கலாம்."

நோயல் தலையாட்டினான். பிறகு, கள்ளமில்லாமல், "அப்போ கியர்ல இருக்குன்னு நம்பி யாராவது கல்லை எடுத்தா போச்சு. கோவிந்தன் அதைத்தானே செஞ்சாரு? பாவம், தெரியாம" என்றான்.

"ஆமா" என்றான் ரெமிஜியஸ். "தெரியாம."

இருவரும் ஜீப்பைப் பின்னால் தள்ளினார்கள். நகரவில்லை. கல் இருந்தது. அதை எடுத்த பிறகுதான் நகர்ந்தது.

ஆபீஸ் கோப்பில் எழுதியிருப்பதும் நோயல் சொன்னதுதான். 'கிளீனர் கோவிந்தன், டிரைவர் மேஸ்திரியின் உத்தரவில்லாமல் தன்னிச்சையாகச் சக்கரக் கல்லை அகற்றியதால் நேர்ந்த மரணம்.' அந்த ஒரு வரியால், கோவிந்தனின் தம்பிக்குக் கிடைத்திருக்க வேண்டிய வேலை நோயலுக்கு வந்தது. அந்த வரியை மேனேஜர் வெங்கடராமனுக்கு வாய்மொழியாகச் சொன்னவன் அந்த டிரைவர் மேஸ்திரி, ரெமிஜியஸ்.

போன வருஷம், ஆயுத பூஜைக்கு இரண்டு வாரம் இருக்கும்போது. ஹொசக்கோட்டைப் பக்கம் ஒரு குவாரிப் பள்ளத்தில், சரிவில், பாறைச் சுவரைப் பார்த்து ஜீப் நின்றிருந்தது. தண்ணீர் இறைத்து முடிந்து பெல்ட்டைக் கழற்றியாகிவிட்டது. கோவிந்தன் முன் சக்கரத்தடியில் குந்தியிருந்தான். கயிற்றில் கை.

"மேஸ்திரி, கல்லை எடுக்கட்டா?"

"எடு. கியர்ல இருக்கு."

பெரிய லீவர் கியரில்தான் இருந்தது. குட்டி லீவரைத் திருப்பிப் போட அவன் மறந்திருந்தான். அவ்வளவுதான். அது வெறும் மறதி. அதற்காக ஒருவனைக் கடவுள்கூட மன்னிப்பார்.

அதற்குப் பிறகு செய்ததுதான்.

அவர்களுக்குள் ஒரு பழக்கம் இருந்தது. கிளீனர் வண்டியைக் கையால் ஒரு தட்டு தட்டினால் நிறுத்து; இரண்டு தட்டினால் போ. பாறைக்கும் பம்பருக்கும் நடுவே அகப்பட்ட கோவிந்தன் கத்தவில்லை. கத்தக் காற்று இல்லை. பானெட்டை ஒரு தட்டு தட்டினான். நிறுத்தி, இன்னும் ஒன்று. ரெமிஜியஸ் ஓடி வந்தான். பாலம் தூக்கித்தான் இருந்தது, சக்கரங்கள் சுதந்திரமாகத்தான் இருந்தன. கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில் நான்கு கல்லுடைப்பவர்கள் இருந்தார்கள். ஐந்து பேர் தள்ளியிருந்தால் வண்டி அலுங்காமல் பின்னால் போயிருக்கும். அவன் கூப்பிடவில்லை. முதலில் உள்ளே கையை விட்டு, குட்டி லீவரை 'லோ'வுக்குத் தள்ளினான். தன் மறதியை யாரும் பார்ப்பதற்குள். கர்ரக் என்று பற்கள் கோத்துக்கொண்டன. கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து கோவிந்தன் அந்தக் கையைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகுதான் ரெமிஜியஸ் ஆட்களைக் கூப்பிட்டான். அவர்கள் வந்து தள்ளினார்கள். கியரில் பூட்டிய வண்டி நகருமா? அவர்கள் முக்கி முக்கித் தள்ள, தட்டும் சத்தம் நின்றுபோன பிறகுதான், யாரோ பெரிய லீவரை விடுவித்தார்கள்.

கல்லைப் பின்னால் கண்ட அந்தப் புதன்கிழமை மாலையே ரெமிஜியஸ் நான்கு கற்கள் வைத்தான், சக்கரத்துக்கு ஒன்று. மற்ற மூன்றும் நோயல் வாங்கி வந்து துளைபோட்டுக் கயிறு கட்டியவை. காலையில் மூன்று கற்களும் ஓரமாக அடுக்கியிருந்தன. கோவிந்தன் கொத்திய கல் மட்டும் பின்னால். சுவருக்கு இரண்டு சாண்.

மறுநாள் ஒரு சாண்.

அன்று பம்பருக்கும் சுவருக்கும் நடுவில் விரித்த கையை அவன் உடனே எடுக்கவில்லை. விரலைப் பிரிக்காமல் அப்படியே தன் நெஞ்சுக்குக் கொண்டுவந்து, பக்கவாட்டில், மார்பிலிருந்து முதுகுவரை வைத்துப் பார்த்தான். சரியாக இருந்தது.

ஆயுத பூஜையன்று காலையில் ஷெட்டே மஞ்சளும் குங்குமமுமாக இருந்தது. ஸ்பேனர்கள், ஜாக்கி, கிரீஸ் கன் எல்லாம் வாழை இலையில். ரெமிஜியஸ் கத்தோலிக்கன்தான், ஆனாலும் வருஷா வருஷம் ஸ்பேனர்களை மண்ணெண்ணெயில் கழுவி வைப்பது அவன் வேலை. கிளீனருடைய ஆயுதம் கல். அதனால் கற்களுக்கும் சந்தனம் உண்டு. நோயல் சந்தனக் கிண்ணத்தோடு குனிந்தவன், "என்ன மாமா, இதுக்கு மட்டும் முன்னாடியே வெச்சுட்டீங்களா?" என்றான்.

கோவிந்தனின் கல்லில் ஒரு குங்குமப் பொட்டு. இன்னும் ஈரம்.

சக்கரங்களுக்கடியில் எலுமிச்சம்பழம் வைத்து, ஜீப்பை அதன் மேல் ஏற்றி வெளியே கொண்டுபோய், ஒரு சுற்று சுற்றி உள்ளே விட்டார்கள். இனி விஜயதசமி கழித்துத்தான் வண்டியைத் தொடுவார்கள். இரண்டு நாள் சும்மா நிற்கும் வண்டியில் பேட்டரியை விட்டு வைக்கக் கூடாது என்று ரெமிஜியஸ் வயர்களைக் கழற்றி, பேட்டரியைத் தூக்கி ஓரத்துப் பெஞ்சில் வைத்தான். நோயல் அதற்கும் ஒரு பொட்டு வைத்தான்.

பொரி கொடுத்துக்கொண்டிருந்தபோது சந்திரம்மா வந்தாள். கோவிந்தனின் மனைவி. வாசல்படிக்கு வெளியிலேயே நின்றாள்.

"என்னம்மா, நல்ல நாளும் அதுவுமா" என்றார் மேனேஜர் வெங்கடராமன், சங்கடத்தோடு.

"ஒரே ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போயிடறேன் சார்." அவள் ரெமிஜியஸைப் பார்த்தாள். "மேஸ்திரி, வூட்ல ஒரு ஸ்டூலை நகத்தணும்னாகூட 'நகத்தட்டா'ன்னு கேட்டுட்டுத்தான் நகத்துவாரு. ஊரே சிரிக்கும். அவரா, கேக்காம கல்லை எடுத்தாரு?"

எல்லாரும் அவனைப் பார்த்தார்கள். நோயல் கையில் பொரித் தட்டு. சொல்வதற்கு இரண்டே சொல்தான் இருந்தது. நான்தான் சொன்னேன். அதைச் சொன்னால் தன் வேலை போகும், நோயலுடையதும் போகும். செத்தவன் மேல் இருக்கும் பழி போகும். வேறொன்றும் ஆகாது. வாயைத் திறந்தான்.

"நான் சொல்லலை சந்திரம்மா. ஆண்டவர் மேல ஆணையா."

அவனுக்குப் பின்னால், பானெட்டின் மேல், ஒரு தட்டு.

திரும்பினான். ஜீப்புக்குப் பக்கத்தில் யாரும் இல்லை. வேறு யாரும் திரும்பவும் இல்லை.

"சரி" என்றாள் சந்திரம்மா. "அப்போ அந்தக் கல்லையாவது குடுங்க. அவரு கையால கொத்துனது."

"அது ஆபீஸ் சாமான்மா, லிஸ்ட்டுல இருக்கு" என்றார் வெங்கடராமன்.

அவள் சிரித்துவிட்டுப் போனாள். அந்தச் சிரிப்பைக் கேட்ட பிறகுதான் ரெமிஜியஸ் முடிவு செய்தான்: அந்தக் கல் இனி இங்கே இருக்கக் கூடாது. அல்சூர் ஏரியில் போட்டுவிட வேண்டும்.

சாயங்காலம் சைக்கிளை எடுத்தபோது டோரீன் வாசலில் நின்று கேட்டாள். "ஜெபமாலைக்கு நேரமாச்சு, எங்க கிளம்பறீங்க?"

"பேட்டரியைப் பார்த்துட்டு வந்துடறேன்."

"இன்னிக்கு ஒரு நாள் அது உங்களை விட்டுட்டு இருக்காதா?"

ரிச்சர்ட்ஸ் டவுனிலிருந்து ஜோகுபாளையம் வருவதற்குள் மழை பிடித்துக்கொண்டது. மணி ஆறுகூட ஆகவில்லை. வானம் ஈயத் தகடுபோல இருந்தது. காவல்காரன் பூஜைக்கு ஊருக்குப் போயிருந்தான். ரெமிஜியஸ் உள்ளே வந்து, சாரல் அடிக்காமலிருக்கக் கதவைச் சாத்திக்கொண்டான்.

நசுங்கிய எலுமிச்சம்பழத்தின் வாசனை, அணைந்த ஊதுவத்தியின் வாசனை, அவற்றுக்கடியில் என்றும் போகாத கியர் ஆயிலின் கந்தக வாசனை. ஓட்டின் மேல் மழை ஒரே சீராக விழ, சுவரடிச் சாக்கடையில் தண்ணீர் மெதுவாக முணுமுணுத்துக்கொண்டு ஓட, மாலை போட்ட ஜீப் மங்கல் வெளிச்சத்தில் சுவரைப் பார்த்துக்கொண்டு, தண்டனை வாங்கிய பிள்ளைபோல நின்றது.

கல் பின்னால் இல்லை. முன் சக்கரத்திலும் இல்லை. குனிந்து பார்த்தான். சுவரடியில், சாக்கடைக்குள், பம்பருக்கு நேர் எதிரே கிடந்தது.

அவன் அவசரப்படவில்லை. தெரிந்தவன் அவசரப்படமாட்டான். முதலில் அளந்தான்: நான்கு சாண். பெரிய லீவர், முதல் கியர். குட்டி லீவர், லோ. பிடித்து ஆட்டிப் பார்த்தான், இறுக்கமாக இருந்தது. ஹேண்ட் பிரேக்கை, அது பிடிக்காது என்று தெரிந்தும், இழுத்து விட்டான். மூன்று கற்களையும் மூன்று சக்கரங்களுக்கு முன்னால் உதைத்து இறுக்கினான். தோளைக் கொடுத்து வண்டியை முன்னால் தள்ளினான். அசையவில்லை. பேட்டரி பெஞ்சில் இருந்தது. எதில் பிழை? எதிலும் இல்லை. எந்தப் புத்தகத்தில் எழுதியிருந்தாலும் இவ்வளவுதான் எழுதியிருக்கும்.

பக்கவாட்டில் நுழைந்து சுவருக்கு முதுகு கொடுத்துக் குந்தினான். கயிற்றை மணிக்கட்டில் சுற்றிப் பிடித்து இழுத்தான். கல் வரவில்லை. சாக்கடைச் சேற்றில் புதைந்திருந்தது. இரண்டு கையாலும் இழுத்தான்.

கர்ர்ர்.

கல் தரையில் இழுபடும் சத்தம். அவன் கையிலிருந்த கல் அல்ல.

நின்றது. இன்னொன்று. கர்ர்ர். அது இடது பின் சக்கரம். அவனுக்குத் தெரியும். பார்க்காமலே தெரியும். மூன்றாவது.

பிறகு, டக்.

அந்தச் சத்தத்தை உலகத்தில் அவனைவிட நன்றாக அறிந்தவர் இல்லை. லோவிலிருந்து நடுவுக்கு. பாலம் தூக்கியாயிற்று.

எழுந்திருக்க வேண்டும் என்று கால்களுக்குச் சொன்னான். கால்கள் சேற்றில் இருந்தன. வண்டி வந்தது. வேகமாக வரவில்லை, தூங்கும் குழந்தையின் தொட்டிலைத் தள்ளுவதுபோல வந்தது. நசுங்கிய எலுமிச்சம்பழம் ஒன்று டயருக்கடியில் மறுபடி பிதுங்கியது. பம்பர் அவன் நெஞ்சில் வந்து நின்றது. இடிக்கவில்லை. நின்றது.

மூச்சு வந்தது. கொஞ்சமாக, மேல்பாதியில் மட்டும்.

நியூட்ரலில்தானே இருக்கிறது. தள்ளலாம். இரண்டு உள்ளங்கைகளையும் பம்பரில் வைத்து, சுவரில் முதுகை அழுத்தித் தள்ளினான். நகர்ந்தது. ஒரு விரல். இரண்டு விரல். கர்த்தரே. இன்னும் கொஞ்சம்.

அவன் மணிக்கட்டில் சுற்றியிருந்த கயிறு இறுகியது.

சேற்றிலிருந்து கல் தானாக விடுபட்டது. கயிறு அவன் கையை உரித்துக்கொண்டு உருவியது. கல் ஜீப்புக்கடியில் போனது. மெதுவாக. அவன் கால்களுக்கு நடுவில், இன்ஜினுக்கடியில், கியர் பாக்ஸுக்கடியில், பின்னால். நின்றது. தட். டயரோடு ஒட்டிய சத்தம்.

தள்ளினான். நகரவில்லை.

"கோவிந்தா."

மழை.

"கோவிந்தா, நான்தான் சொன்னேன். நான்தான் எடுக்கச் சொன்னேன். நாளைக்கே போய்ச் சொல்லிடறேன். எல்லார்கிட்டயும். சந்திரம்மாகிட்ட."

கர்ரக்.

நடுவிலிருந்து லோவுக்கு. பற்கள் ஒவ்வொன்றாகக் கோத்துக்கொண்டன. இனி ஐந்து பேர் வந்து தள்ளினாலும் போகாது. யாரும் வரப் போவதும் இல்லை. நாளை விஜயதசமி. சாவி அவன் பையில்.

தூரத்தில் மாதா கோயிலில் ஆறு மணித் திரிகால ஜெப மணி அடித்தது. டோரீன் முழங்காலில் இருப்பாள்.

கைதான் எட்டியது. தலைக்கு மேலே பானெட்டின் விளிம்பு. அதை ஒரு தட்டு தட்டினான். யாருக்கு என்று தெரியவில்லை. நிறுத்தி, இன்னும் ஒன்று.

பதில் வந்தது. பானெட்டின் அந்தப் பக்கத்திலிருந்து.

இரண்டு தட்டு.

பல வருஷத்துக்கு முன், ஓர் ஓடையின் நடுவில் இன்ஜின் தண்ணீர் குடித்து நின்றுபோனபோது, அவன் கோவிந்தனுக்கு ஒரு வித்தை சொல்லிக் கொடுத்திருந்தான். முதல் கியர் போடு, லோ போடு, கிளட்சை மிதிக்காதே, தரையிலிருக்கிற ஸ்டார்ட்டர் பொத்தானைக் காலால் அழுத்து. இன்ஜின் ஓட வேண்டாம். ஸ்டார்ட்டர் மோட்டாரே வண்டியை இழுத்துப் போகும், ஒவ்வோர் அழுத்தத்துக்கும் கொஞ்சம் கொஞ்சமாக. ஜீப் அப்படியே நகர்ந்து கரையேறியது. கோவிந்தன் தண்ணீரில் நின்றபடி கைதட்டிச் சிரித்தான். 'செத்த வண்டி நடக்குது மேஸ்திரி!'

ரெமிஜியஸ் கழுத்தைத் திருப்பிப் பார்த்தான். பேட்டரி பெஞ்சில்தான் இருந்தது. இரண்டு முனைகளிலும் வயர் இல்லை. சந்தனம் காய்ந்திருந்தது.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருட்டு. இருட்டுக்குள், தரையில், இரும்புப் பொத்தான் ஒன்று ஒரு வெறுங்காலுக்கடியில் மெல்ல அமுங்கியது.

பானெட்டுக்குள் ஸ்டார்ட்டர் மோட்டார் முனகிக்கொண்டு ஒரு பாதிச் சுற்று சுற்றியது.

ஒரு விரற்கடை.

நின்றது. கால் எடுக்கப்பட்டது. அவசரமே இல்லாமல், அடுத்த தடவைக்காக, மறுபடி வைக்கப்பட்டது.